அவன் சொன்னதாக நான் எழுதியது

நாற்பதை எட்டிப் பார்க்கிற நம் வயதுக்காரர்களில் யாரும் போரைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் ஒரு கோடை முழுக்க அதற்காகக் காத்திருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? இரண்டாயிரத்து இரண்டு. எல்லையில் படைகளைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். இன்றைக்கு ஆரம்பித்துவிடும், நாளைக்கு ஆரம்பித்துவிடும் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆரம்பிக்கவேயில்லை. விருத்தாசலத்துக்கு வெயில் வந்தது, கரண்ட் போனது, மணிமுத்தாறு வறண்டு மணலாகக் கிடந்தது. அவ்வளவுதான் நடந்தது.

நான் ஏழாம் வகுப்பு. முழுப்பரீட்சைக்கு முன்னால் எங்கள் பள்ளியில் ஒரு போட்டி வைத்தார்கள். பெயர் தெரியாத ஒரு ராணுவ வீரருக்குக் கடிதம் எழுத வேண்டும். உங்களில் பலரும் எழுதியிருப்பீர்கள். 'அன்புள்ள ராணுவ அண்ணாவுக்கு, நீங்கள் விழித்திருப்பதால் நாங்கள் தூங்குகிறோம்' என்று நான் ஆரம்பித்திருந்தேன். எனக்குத்தான் முதல் பரிசு. ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். எங்கள் ஊரில் பீங்கான் கோப்பை கொடுத்தால் யாரும் அதைப் பரிசாக மதிக்க மாட்டார்கள். எங்கள் தெருக் குப்பையிலேயே வெள்ளை வெளேரென்று பீங்கான் கிடக்கும். அப்பா செராமிக் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் சூளை அடுக்குகிற வேலை செய்தார். ஃபியூஸ் கட்டை, சின்னச் சின்ன பொம்மை எல்லாம் அங்கே வேகும். விரிசல் விட்டதைக் கொண்டுவந்து தெருவோரம் கொட்டுவார்கள். அந்தச் சில்லுகளை வைத்துத்தான் நாங்கள் பாண்டி ஆடினோம். என் இடது குதிகாலில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது.

அந்தப் பங்குனியில் சித்தப்பா வந்தார். அப்பாவின் ஒரே தம்பி. பட்டாளத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஜங்ஷனில் இறங்கி ரிக்‌ஷாவில் வந்தார், வலது கை முழங்கையிலிருந்து விரல் வரை மாவுக்கட்டு. அந்த வெள்ளையைப் பார்த்ததும் எனக்கு அப்பாவின் பட்டறைதான் நினைவுக்கு வந்தது. பச்சை டிரங்குப் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். இடது கையால் சொம்பைத் தூக்கும்போது கழுத்தெல்லாம் ஊற்றிக்கொண்டார்.

முதல் நாள் அவர் அப்பாவிடம் உண்மையைத்தான் சொன்னார். மலைப்பாதை, விடிந்து கொஞ்ச நேரம், ரோட்டில் பனி உறைந்திருந்தது, வண்டி வழுக்கிப் பள்ளத்தில் உருண்டுவிட்டது. இவர் பிழைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டாளி செத்துப்போனார். அப்பா எழுந்து போய்த் தெருக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "வண்டி கவுந்துச்சின்னு வெளிய சொல்லிகிட்டு இருக்காத" என்றார். "பட்டாளத்துக்குப் போயி ஆக்ஸிடென்ட்டுல அடிபட்டு வந்தான்னா ஒனக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

அப்பாவை நான் குறை சொல்லவில்லை. தம்பிக்கு ஒரு கல்யாணம் ஆக வேண்டும் என்ற கவலை அவருக்கு. மறுநாளிலிருந்து தெருக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். சித்தப்பா பேசாமல் உட்கார்ந்திருப்பார், அப்பாதான் சொல்வார். முதல் வாரம் வெறும் துப்பாக்கிச் சண்டை. அடுத்த வாரம் குண்டு விழுந்தது. கேட்கிறவர்கள் சித்தப்பாவின் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போவார்கள். சித்திரை பிறந்தபோது சித்தப்பாவே சொல்லத் தொடங்கியிருந்தார். வந்தவர்கள் முகத்தைப் பார்த்து, எங்கே அவர்கள் மூச்சைப் பிடிக்கிறார்களோ அங்கே கொஞ்சம் நிறுத்துவார். எனக்கு அது பிடித்திருந்தது. என் சித்தப்பா என்று தோழிகளிடம் பெருமையடித்துக்கொண்டேன். உண்மை எனக்குத் தெரியும், ஆனால் அது உறுத்தவில்லை. சொல்லப் போனால், லாரி கவிழ்ந்ததுதான் எனக்குப் பொய் மாதிரி இருந்தது.

அப்போதுதான் அந்தக் கார்டு வந்தது. செத்துப்போன கூட்டாளியின் அம்மா யாரையோ வைத்து எழுதச் சொல்லி அனுப்பியிருந்தார். திட்டக்குடி தாண்டி, எங்கள் மாவட்டத்து மங்களூர் பக்கத்தில் ஒரு கிராமம். பணியில் இறந்தான் என்று மட்டும்தான் தந்தி வந்தது, உடல் வந்த பெட்டியைத் திறக்க விடவில்லை, பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்காமல் எரித்துவிட்டோம் என்று அதில் இருந்தது. நீ கூட இருந்தாயாமே, என் மகன் கடைசியாக என்ன சொன்னான் என்று மட்டும் எழுதி அனுப்பு, அது போதும் என்றும் இருந்தது.

சித்தப்பா அந்தக் கார்டைச் சட்டைப் பையிலேயே ஒரு வாரம் வைத்திருந்தார். வியர்வையில் மை ஊறிவிட்டது. ஒரு மத்தியானம், கரண்ட் இல்லாமல் எல்லாரும் வாசல் பக்கம் போய்விட்ட நேரத்தில், என்னைக் கூப்பிட்டார். நோட்டுப் புத்தகத்திலிருந்து இரண்டு தாள் கிழித்துக்கொண்டு வரச் சொன்னார். அவரால் எழுத முடியாது. நான்தான் பரிசு வாங்கியவள்.

'அம்மாவுக்கு வணக்கம்' என்று எழுதினோம். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. அவர் கடைசியாக என்ன சொன்னார் சித்தப்பா என்று நானே கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு அவர் சொன்னது வார்த்தை மாறாமல் எனக்கு நினைவிருக்கிறது.

"வழியில ஒரு டீக்கடை வந்துது. நிறுத்துடா, ஒரு டீ குடிச்சிட்டுப் போவலாம்னான். நான்தான் நேரமாவுது, மலைய எறங்கிக் குடிச்சிக்கலாம்னேன். மூஞ்சத் தூக்கி வச்சிகிட்டான். அப்பறம் ஒண்ணும் பேசல."

அவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதை எப்படி எழுதுவது? ஒரு அம்மா கேட்கிறார், பிள்ளை டீ கேட்டான் என்றா எழுதுவது? நான் யோசித்தேன். என் ராணுவ அண்ணா கடிதத்தில் என்ன எழுதுவேனோ அதைத்தான் யோசித்தேன். குண்டடிபட்டு அவர் சித்தப்பாவின் மடியில் சாய்ந்தார் என்று எழுதினேன். சித்தப்பா தடுக்கவில்லை. பிறகு அந்த வாக்கியத்தை எழுதினேன்:

'என் அம்மாவை அவள் பார்த்துக்கொள்வாள். அவள் இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் போகிறேன் என்று சொல்லிக் கண்ணை மூடினான்.'

அந்தக் கூட்டாளிக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் என்று சித்தப்பா எப்போதோ சொல்லியிருந்தார். 'அவள்' என்று நான் எழுதியது அதை வைத்துத்தான். அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கும் என்று யோசிக்கவில்லை. வாக்கியம் முடிய ஒரு 'அவள்' தேவைப்பட்டது.

வாசித்துக் காட்டினேன். சித்தப்பா அழுதார். வந்ததிலிருந்து அவர் அழுது நான் பார்க்கவில்லை. மாவுக்கட்டை முகத்தில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமில்லாமல் அழுதார். "இப்படித்தான் சொல்லியிருப்பான். அவன் அம்மான்னா அவனுக்கு உசிரு" என்றார். ஒரு பெரிய ஆளை அழவைத்துவிட்டதால் நான் எழுதியது உண்மைதான் என்று நினைத்துக்கொண்டேன். கடிதத்தைத் தபால் பெட்டியில் போட நானே ஓடினேன்.

ஆனி மாதத்தில் அந்தக் கிராமத்தில் படத்திறப்பு வைத்தார்கள். சித்தப்பாவை வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். என்னையும் கூட்டிப்போனார். திட்டக்குடியில் பஸ் மாறினோம். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சாமியானா, மைக். சித்தப்பாவுக்கு ரோஜா மாலை போட்டார்கள். நாங்கள் எழுதிய கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மேஜை மேல் வைத்திருந்தார்கள். தலைமையாசிரியர் அதைப் பார்த்து மைக்கில் வாசித்தார். என் வாக்கியம் இரண்டு ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது. எனக்குப் புல்லரித்தது.

'அவள்' என்று வந்தபோது கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நானும் திரும்பினேன். பள்ளிச் சுவரை ஒட்டி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் அம்மா வயதில் ஒருத்தியை நான் மனத்தில் வைத்திருந்தேன் போலிருக்கிறது. அவள் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவைவிடப் பெரியவளாகத் தெரியவில்லை. இருபத்திரண்டு, இருபத்திமூன்று இருக்கலாம். வெறும் நெற்றி. அவளுடைய மாமியார் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "கேட்டியாடி, எம்புள்ள ஒன்ன நம்பித்தான் போயிருக்கான்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அந்த அக்கா அழவில்லை. மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடி மாதம் அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். தனியாக. கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்ட வேண்டும் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நியாயம் கேட்க வழியில்லாதவர்கள் குறையைத் தாளில் எழுதிச் சாமி முன்னால் வேலில் கட்டிவிட்டு வருவார்கள், சாமி விசாரிக்கும் என்று. மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அம்மா மோர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் கதவோரம் நின்றேன்.

அவருக்குக் கடலூரில் டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைத்திருந்தது. கல்யாணத்துக்கு முன்பே போட்ட விண்ணப்பமாம். அண்ணன் வந்து கூட்டிப்போகத் தயாராக இருந்தார். ஊரிலும் யாரும் முதலில் தடுக்கவில்லை, சின்னப் பெண்தானே என்றிருக்கிறார்கள். கடிதம் வந்த பிறகு எல்லாரும் மாறிவிட்டார்கள். மாமியார் காலையில் எழுந்ததும் அந்தச் சட்டத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறாராம். இதையெல்லாம் குரல் உயர்த்தாமல் சொல்லிவிட்டு, சித்தப்பாவிடம் கேட்டார்.

"அண்ணா, அவரு அப்படிப் பேசற ஆளு இல்ல. எட்டு மாசத்துல லீவுல வந்து எங்கூட இருந்தது ஒன்ற மாசந்தான். ஆனாலும் தெரியும். தைரியம் கியிரியம்னுல்லாம் அவரு வாயில வராது. நெசமாவே சொன்னாரா?"

சித்தப்பாவுக்குக் கட்டுப் பிரித்திருந்தார்கள். மெலிந்து தோல் உரிந்திருந்த அந்தக் கையை இடது கையால் தடவிக்கொண்டே இருந்தார். ஒரு தடவை என்னைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் டீக்கடையையும் சொல்ல வேண்டும், வண்டியை ஓட்டியது யார் என்றும் சொல்ல வேண்டும். இப்போது எனக்கு அது புரிகிறது.

"சொன்னாம்மா" என்றார்.

அந்த அக்கா என் பக்கம் திரும்பினார். எழுத்து உன்னுடையதா பாப்பா, அழகாக இருக்கிறது என்றார். யாரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. "ஆமாக்கா. சித்தப்பா சொன்னத அப்படியே எழுதினேன்" என்றேன்.

அவர் மோரைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எழுந்திருக்காமல், இன்னொன்று கேட்டார். "வேற ஒண்ணும் சொல்லலியாண்ணா? எனக்குன்னு?"

அதுவரை தெருவுக்கே போர் நடத்திக் காட்டியவர் சித்தப்பா. பனியையும் குண்டையும் இல்லாத எதிரியையும் கொண்டுவந்து நிறுத்தியவர். ஒரு வார்த்தை, அவளைப் படிக்கச் சொன்னான் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் போய் அவருக்கு மனசாட்சி வந்துவிட்டது. இதற்கு மேல் பொய் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார்.

"இல்லம்மா. அவ்வளவுதான்" என்றார்.

"சரிங்கண்ணா. போயிட்டு வரேன்" என்று அந்த அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை நானும் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய் ஒரு பிராது கட்டினேன். அப்பாவின் மாமா வீடு, கோயில் இருக்கிற மணவாளநல்லூரிலேயே இருந்தது, அங்கே போகிற சாக்கில். 'சாமி, அந்தக் கடிதத்தில் எழுதியது நான். அந்த அக்காவைப் படிக்க விடச்சொல்லவும்' என்று எழுதி, நாலாக மடித்து, நூலால் கட்டினேன். அந்த வேலில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கான தாள்கள் மழையில் நனைந்து காய்ந்து ஒட்டிக் கிடந்தன. அந்த அக்காவுடையதும் அதில் ஏதோ ஒன்றாக இருந்திருக்கும். சாமிக்கு எழுதியதற்குப் பதிலாக அவருக்கு ஒரு கார்டு எழுதியிருக்கலாம். விலாசம் என்னிடம் இருந்தது. எழுதவில்லை. சித்தப்பாவைக் காட்டிக்கொடுக்க முடியாது என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். என் வாக்கியம் பொய் என்று ஊருக்குத் தெரிவது பிடிக்கவில்லை என்பதும் அதில் பாதி.

தையில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆனது. பெண் வீட்டார் அந்தக் கடிதத்தின் கதையைக் கேட்டுத்தான் சம்மதித்தார்கள். கை பழையபடி வராததால் பட்டாளத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள், பிறகு அப்பாவின் பட்டறையிலேயே பொம்மைகளை வைக்கோலில் பொதிந்து கட்டுகிற வேலைக்குச் சேர்ந்தார். இன்றும் இருக்கிறார். இன்றும் அந்தக் கதையைச் சொல்கிறார். 'அவள் இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் போகிறேன்' என்பதை, எழுதிய என் எதிரிலேயே, தான் காதால் கேட்டது போலச் சொல்கிறார். டீக்கடையை நான் ஒருமுறை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். எந்த டீக்கடை என்று கேட்டார். நடிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே நினைவில்லை.

எனக்குக் கல்வித் துறையில் எழுத்தர் வேலை கிடைத்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் மங்களூருக்கு மாற்றல் வந்தது. ஆர்டரில் ஊர்ப் பெயரைப் பார்த்த அன்றே, அவரைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு வேலையாக அந்தக் கிராமத்துப் பள்ளிக்குப் போனபோது, சத்துணவுக் கூடத்தில் ஒரு அம்மா அரிசி அளந்து போட்டுக்கொண்டிருந்தார். இவர்தான் எங்கள் சத்துணவு அமைப்பாளர், இவருடைய வீட்டுக்காரர் போரில் செத்தவர், சுதந்திர தினத்துக்கு வருஷா வருஷம் இவர்தான் பிள்ளைகளிடம் பேசுவார் என்று தலைமையாசிரியர் சொன்னார். முடி முக்கால்வாசி வெளுத்திருந்தது. நான் யார் என்று சொன்னதும், "அந்தக் கடுதாசி எழுதின பாப்பாவா?" என்று ஈரக் கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பள்ளி விட்டதும் வீட்டுக்குக் கூட்டிப்போனார். மாமியார் இறந்து மூன்று வருடமாகிவிட்டதாம். கடைசி ஆறு வருடம் படுக்கையில். ஒற்றை அறை. சுவரில் அந்தச் சட்டம் இருந்தது. என் பன்னிரண்டு வயது எழுத்தை என்னால் அங்கிருந்தே படிக்க முடிந்தது. லாரி, பனி, டீக்கடை என்று எதை முதலில் சொல்வது என மனத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டார். சுதந்திர தினத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வதையே எனக்கும் சொல்ல ஆரம்பித்தார்.

"குண்டு பட்டு ஒங்க சித்தப்பா மடியில கெடக்கறப்ப அவரு என்னா சொன்னாரு தெரியுமா? 'அவ சின்னப் பொண்ணு. எனக்காக அங்கயே ஒக்காந்துற வாண்டாம். போயி படிச்சி டீச்சராவச் சொல்லு, நல்லா இருக்கச் சொல்லு'ன்னாரு. நான்தான் மாமியார வுட்டுட்டுப் போவ மனசு வராம இருந்துட்டேன்."

சுவரில் எழுதியிருந்தது அதற்கு நேர் எதிர். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இருபது வருடத்தில், யாரும் கட்டிவைக்காமல் தானாகவே அங்கே தங்கிவிட்டவராக அவர் தன்னை மாற்றிக்கொண்டிருந்தார். இப்போது போய் லாரி கவிழ்ந்தது என்று நான் எப்படிச் சொல்வேன்? நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

"ஆமாக்கா. சித்தப்பாவும் எங்ககிட்ட அதத்தான் சொன்னாரு. கடுதாசியில எழுத வுட்டுப்போச்சு."

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"என்னா சொன்ன?"

"நீங்க படிக்கணும்னு சொன்னாராம். டீச்சராவணும்னு."

"நெசமா?"

"நெசமாக்கா."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "அது நானா சொல்லிகிட்டது, பாப்பா. அப்படிச் சொல்லிகிட்டாத்தான் இங்க இருக்க முடிஞ்சிது" என்றார். கொஞ்சம் கழித்து, "அன்னைக்கு ஒங்க வூட்டுல ஒக்காந்து கேட்டனே. எனக்குன்னு எதுனா சொன்னாரான்னு கேட்டனே. சொல்லியிருந்தா அன்னைக்கே போயிருப்பேன்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அதுவும் பொய் என்றால் எதுதான் உண்மை என்று கேட்பார். டீ கேட்டார், கொடுக்கவில்லை, கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தார் என்று சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

அவர் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். பஸ்ஸு ஆறரைக்குத்தான், சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். கீரைக் குழம்பும் சோறும் போட்டார். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரில் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் பேசவில்லை. கை கழுவத் தண்ணீர் ஊற்றினார். பஸ் நிற்கிற இடம் வரை வரவில்லை.

அந்த ஆகஸ்டில் வேறொரு வேலையாக அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் போனில் பேசினேன். சுதந்திர தினத்துக்கு அந்த அம்மா பேசினாரா என்று கேட்டேன். இந்த வருஷம் வாண்டாம்னுட்டாங்க மேடம், என்னா காரணம்னு தெரியல, மிட்டாய் மட்டும் குடுத்துட்டுப் போயிட்டாங்க என்றார்.